ஆறு சொற்களுக்குள் ஒரு டெராபைட்

2000-ஆம் ஆண்டின் இறுதியில், அமெரிக்காவின் எம்ஐடியில் ஆராய்ச்சி மாணவர்களாக இருந்த சிம்சன் கார்ஃபிங்கலும் அபி ஷெலாட்டும் பழைய ஹார்டு டிஸ்க்குகளை வாங்கிச் சேர்க்கத் தொடங்கினார்கள். பெரும்பாலானவை ஈபே ஏலத்தில் வந்தவை. இரண்டே ஆண்டுகளில் 158 டிஸ்க்குகள் சேர்ந்தன. அவற்றில் 129 வேலை செய்தன. ஒவ்வொன்றையும் கணினியில் மாட்டி, முந்தைய சொந்தக்காரரின் தடயம் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று துழாவினார்கள். ஒழுங்காகத் துடைக்கப்பட்டிருந்தவை வெறும் 12. மற்றவற்றிலிருந்து 5,000-க்கும் மேற்பட்ட கிரெடிட் கார்டு எண்களும் மருத்துவக் குறிப்புகளும் அந்தரங்க மின்னஞ்சல்களும் வந்து விழுந்தன. ஒரு டிஸ்க் இல்லினாய்ஸ் மாநிலத்தில் ஏதோ ஓர் ஏடிஎம் எந்திரத்துக்குள் இருந்தது போலும். வாடிக்கையாளர்களின் கணக்கு எண்கள் அதில் அப்படியே கிடந்தன.

விற்றவர்கள் எல்லாரையும் அலட்சியக்காரர்கள் என்று சொல்லிவிட முடியாது. பலர் ஃபார்மேட் செய்துதான் விற்றிருந்தார்கள். ஆனால் சாதாரண ஃபார்மேட் என்பது கோப்புகளின் பெயர்ப் பட்டியலைக் கிழித்துப் போடுவதோடு சரி. எழுதிய எழுத்து எழுதிய இடத்திலேயே இருக்கும். பட்டியல் இல்லாவிட்டாலும், டிஸ்க்கின் முதல் பைட்டிலிருந்து கடைசி பைட் வரை வரிசையாகப் படிக்க ஒரு நிரலுக்குச் சில மணி நேரம் போதும்.

லாகின் பாஸ்வேர்டும் இங்கே உதவாது. பாஸ்வேர்டு கேட்பது இயங்குதளம். அது ஓடும்போதுதான் கேட்கும். திருப்புளியால் டிஸ்க்கைக் கழற்றி, யுஎஸ்பி கேபிளில் வேறொரு கணினியில் செருகினால், பாஸ்வேர்டு கேட்க வேண்டிய இயங்குதளம் உறங்கிக்கொண்டிருக்கும். 2006 மே மாதம் அமெரிக்க முன்னாள் படைவீரர் நலத்துறை ஊழியர் ஒருவரின் வீட்டில் திருடு போனது. போன பொருட்களில் ஒரு லேப்டாப்பும் ஒரு வெளி ஹார்டு டிஸ்க்கும் இருந்தன. அவற்றில் 2.65 கோடிப் பேரின் பெயர், பிறந்த தேதி உள்ளிட்ட விவரங்கள் மறையாக்கம் (என்க்ரிப்ஷன்) ஏதுமின்றி இருந்தன. அடுத்த மாதமே பொருட்கள் மீட்கப்பட்டன. தகவலை யாரும் தொட்ட அறிகுறி இல்லை என்றது விசாரணை. ஆனாலும் 2009-இல் அரசு 2 கோடி டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது.

இயங்குதளம் நிறுவும்போது, பெரும்பாலும் நாம் படிக்காமல் தாண்டிப்போகும் ஒரு திரையில், 'டிஸ்க் முழுவதையும் என்க்ரிப்ட் செய்யட்டுமா?' என்றொரு கேள்வி வரும். இந்த அத்தியாயம் அந்த ஒரு கேள்வியைப் பற்றியது. அதற்கு 'ஆம்' என்று சொன்னால் டிஸ்க்கில் என்ன நடக்கிறது, எதிலிருந்து தப்பிக்கிறோம், பதிலுக்கு என்ன பொறுப்பை ஏற்றுக்கொள்கிறோம் என்று பார்ப்போம்.

சுருங்கும் ரகசியம்

ஒரு டெராபைட் டிஸ்க்கில் ஒரு லட்சம் கோடி பைட்டுகள். அத்தனையையும் ஒளித்துவைக்க இடமில்லை. லேப்டாப் பையில் வைத்துத் தூக்கிக்கொண்டு திரிகிறோம். மறையாக்கம் இதற்குக் கண்ட வழி எளிமையானது: ஒளித்துவைக்க வேண்டியதன் அளவைக் குறைப்பது. ஒரு சின்ன சாவியை வைத்து டிஸ்க் முழுவதையும் குழப்பிவிட்டால், சாவியை மட்டும் காப்பாற்றினால் போதும். குழம்பிய டிஸ்க் யார் கையில் கிடைத்தாலும் கவலையில்லை.

குழப்பும் முறையும் ரகசியமாக இருக்க வேண்டியதில்லை. முறை எதிரியின் கையில் சிக்கினாலும் பாதுகாப்பு குலையக் கூடாது, சாவி மட்டுமே ரகசியமாக இருக்க வேண்டும் என்பதை 1883-லேயே ஆகுஸ்ட் கெர்க்ஹாஃப்ஸ் ராணுவ மறையெழுத்துக்கான விதியாக எழுதிவைத்தார். இன்று உலகின் பெரும்பாலான டிஸ்க்குகளைக் காக்கும் ஏஇஎஸ் முறை அந்த விதிப்படி ஊரறிய உருவானது. 1997-இல் அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட் பகிரங்கப் போட்டி அறிவித்தது. பல நாடுகளிலிருந்து வந்த 15 முறைகளை, ஒருவர் முறையை மற்றவர் உடைக்கப் பார்த்துச் சலித்தார்கள். 2000 அக்டோபரில் பெல்ஜியத்தின் யோவான் டாமன், வின்சென்ட் ரைமன் இருவரின் முறை தேர்வானது. அடுத்த ஆண்டு நவம்பரில் அது தரநிலை ஆனது.

ஏஇஎஸ் ஒரு நேரத்தில் 16 பைட்டுகளை எடுத்துக்கொள்ளும். அவற்றை ஓர் அட்டவணையைப் பார்த்து மாற்றிப்போடும், வரிசைகளை நகர்த்தும், கலக்கும், சாவியின் ஒரு பகுதியை மேலே சேர்க்கும். 256 பிட் சாவி என்றால் இப்படி 14 சுற்று. முடிவில் வருவது, சாவி இல்லாதவருக்கு வெறும் குப்பை. 256 பிட் என்பது 32 பைட். ஆனால் அதற்குள் அடங்கும் சாவிகளின் எண்ணிக்கை 78 இலக்க எண். எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை.

வேகம் குறையுமே என்ற பயம் ஒருகாலத்தில் நியாயமானது. 2010 வாக்கில் இன்டெல் தன் சில்லுகளுக்குள்ளேயே ஏஇஎஸ் கட்டளைகளைச் சேர்த்த பிறகு அந்தப் பயத்துக்கு வேலையில்லை. இப்போதைய லேப்டாப்பில் அன்றாட வேலை செய்பவருக்கு வித்தியாசமே தெரியாது.

பென்குயின் எப்படித் தெரிந்தது?

நல்ல முறை கையில் இருந்தாலும் அதைப் பயன்படுத்தும் விதத்தில் கோட்டை விடலாம். மறையாக்கவியல் வகுப்புகளில் ஒரு படத்தைக் காட்டுவார்கள். லினக்ஸின் சின்னமான டக்ஸ் என்ற பென்குயினின் படக்கோப்பை, 16 பைட் துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே ஒரே சாவியால் மறைத்தால் என்ன ஆகும்? நிறங்கள் எல்லாம் மாறிவிடும். ஆனால் பென்குயினின் வயிறும் கண்ணும் அலகும் அச்சு அசலாகத் தெரியும். காரணம், ஒரே மாதிரித் துண்டுகள் உள்ளே போனால் ஒரே மாதிரித் துண்டுகள் வெளியே வரும். வெள்ளை வயிறு முழுக்க ஒரே துண்டு. எனவே மறைத்த பிறகும் அது முழுக்க ஒரே துண்டு.

டிஸ்க்கிலும் இதே ஆபத்து உண்டு. வெற்றிடங்கள், ஒரே படத்தின் பிரதிகள், திரும்பத் திரும்ப வரும் தலைப்புகள் என்று டிஸ்க் நிறைய ஒன்றுபோலிருக்கும் துண்டுகள்தான். அதனால் டிஸ்க் மறையாக்கம் இடத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. 2007-இல் ஐட்ரிபிள்ஈ அமைப்பு தரப்படுத்திய எக்ஸ்டிஎஸ் என்ற முறையில் இரண்டு சாவிகள். ஒரு சாவி, அந்தத் துண்டு டிஸ்க்கின் எத்தனையாவது செக்டரில், அதாவது எத்தனையாவது கட்டத்தில், இருக்கிறது என்ற எண்ணை மறைத்து ஒரு முகமூடியை உண்டாக்கும். செக்டருக்குள் துண்டுக்குத் துண்டு அந்த முகமூடியும் மாறும். துண்டின் மேல் முகமூடியைப் போட்டு, இன்னொரு சாவியால் ஏஇஎஸ் செய்து, மறுபடியும் அதே முகமூடியைப் போட்டு எழுதுவார்கள். ஒரே பக்கத்தை டிஸ்க்கின் இரண்டு மூலையில் எழுதினால் இரண்டும் சம்பந்தமே இல்லாத குப்பைகளாகக் கிடக்கும். கூடுதலாக ஒரு பைட்கூடச் செலவில்லை. செக்டர் எண் எப்படியும் தெரிந்ததுதானே.

அந்தச் சிக்கனத்துக்கு ஒரு விலை இருக்கிறது. எக்ஸ்டிஎஸ் படிக்க விடாது. ஆனால் யாராவது டிஸ்க்கில் கைவைத்துச் சில பைட்டுகளை மாற்றியிருந்தால் அதைக் கண்டுபிடித்தும் சொல்லாது.

இரண்டு சாவிகளுக்கும் சேர்த்து 64 பைட். ஒரு லட்சம் கோடி பைட்டைக் காக்கும் வேலை 64 பைட்டைக் காக்கும் வேலையாகிவிட்டது.

ஏன் முதல் நாளிலேயே?

முக்கியமான கோப்புகளை மட்டும் பிறகு மறைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். சிக்கல் என்னவென்றால், ஒரு கோப்பு ஒரே இடத்தில் இருப்பதில்லை. வருமான வரிக் கணக்கை ஒருமுறை திறந்தாலே அதன் தற்காலிகப் பிரதி ஒன்று உருவாகிறது. ரேம் நிறைந்தால் அதன் பகுதிகள் ஸ்வாப் என்ற இடத்துக்குப் போகின்றன. படமாக இருந்தால் சின்ன உருவம் ஒன்று தனியே சேமிக்கப்படுகிறது. எந்தக் கோப்பை எப்போது திறந்தோம் என்ற பட்டியல் வேறெங்கோ பதிவாகிறது. இத்தனையையும் தேடித்தேடி மறைப்பது நடக்கிற காரியமில்லை.

முழு டிஸ்க் மறையாக்கம் கோப்புகளைப் பார்ப்பதே இல்லை. கோப்பு முறைக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் ஓர் அடுக்காக உட்கார்ந்துகொள்கிறது. லினக்ஸில் அந்த அடுக்கின் பெயர் டிஎம்-கிரிப்ட். 2004 முதல் லினக்ஸின் மையநிரலான கெர்னலில் இருக்கிறது. மேலிருந்து வரும் ஒவ்வொரு செக்டரையும் மறைத்துக் கீழே அனுப்பும். கீழிருந்து வருவதைப் பிரித்து மேலே கொடுக்கும். வேர்டு ப்ராசஸருக்கோ பிரவுசருக்கோ நடுவில் ஓர் ஆள் இருப்பதே தெரியாது. அப்படி ஓர் அடுக்கைக் கட்டடத்தின் அஸ்திவாரத்தோடு போடுவதுதான் சுலபம். குடியேறிய பின் போடவும் முடியும், ஆனால் அதில் எஸ்எஸ்டி ஒரு சிக்கலைக் கொண்டுவருகிறது.

எஸ்எஸ்டியின் செல்களில் குறிப்பிட்ட தடவைதான் எழுத முடியும். எனவே ஒரே இடம் தேய்ந்துபோகாமல் இருக்க, அதன் உள்ளே இருக்கும் சில்லு எழுத்தை இடம் மாற்றிக்கொண்டே இருக்கும். பழைய கோப்பின் மேல் நீங்கள் எழுதியதாக நினைப்பீர்கள். சில்லு புதியதை வேறொரு செல்லில் எழுதிவிட்டு, பழையதைப் பிறகு துடைத்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கி வைத்திருக்கும். 2011-இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்து ஆய்வாளர்கள் எஸ்எஸ்டிகளைப் பிரித்து, சில்லுகளை நேரடியாகப் படித்துப் பார்த்தார்கள். ஒற்றைக் கோப்பை மட்டும் அழிக்கும் முறைகளில் அவர்கள் சோதித்த எதுவும் முழுமையாக அழிக்கவில்லை.

ஆக, மறைக்காமல் ஒருமுறை எழுதியதைப் பிறகு மறைத்தாலும், முதலில் எழுதியது எங்கோ ஒரு மூலையில் இருந்துகொண்டே இருக்கலாம். டிஸ்க்கில் உங்கள் வாழ்க்கையின் முதல் பைட் விழும்போதே அது மறைந்து விழுந்தால் இந்தக் கவலையே எழாது. அதற்கான நாள் இயங்குதளம் நிறுவும் நாள்தான். விண்டோஸின் பிட்லாக்கரில் 'பயன்படுத்திய இடத்தை மட்டும் மறை', 'முழு டிஸ்க்கையும் மறை' என்று இரண்டு தேர்வுகள் இருப்பதும் இதனால்தான். முதலாவது புத்தம்புதிய டிஸ்க்குக்கு. ஏற்கெனவே புழங்கிய டிஸ்க்குக்கு இரண்டாவது.

நிறுவியின் திரையில்

டெபியன் லினக்ஸை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். அதன் நிறுவி தமிழிலும் கிடைக்கிறது. மொழி, விசைப்பலகை, பயனர் பெயர் எல்லாம் முடிந்ததும் டிஸ்க்கைப் பிரிக்கும் திரை வரும். அதில் 'வழிகாட்டுதலுடன், முழு டிஸ்க்கையும் பயன்படுத்து, என்க்ரிப்ட் செய்த எல்விஎம் அமை' என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்தால் டிஸ்க்கில் இருப்பது அத்தனையும் போகும். பழைய படங்கள், கடிதங்கள் எதையும் வேறெங்கும் பிரதி எடுத்து வைக்கவில்லையென்றால் இந்த இடத்திலேயே நிறுத்திவிடுவது நல்லது.

அடுத்து நிறுவி டிஸ்க் முழுவதும் தாறுமாறான பைட்டுகளை எழுதத் தொடங்கும். இது இரண்டு காரியத்துக்காக. பழைய எழுத்தை மூடுவது ஒன்று. மறையாக்கப்பட்ட எழுத்து தாறுமாறாகத்தான் தெரியும்; சுற்றிலும் வெற்றிடம் இருந்தால் எவ்வளவு எழுதியிருக்கிறோம் என்று வெளியிலிருந்தே அளந்துவிடலாம். முன்கூட்டியே எல்லா இடத்தையும் தாறுமாறாக நிரப்பிவிட்டால் அதுவும் தெரியாது என்பது இன்னொன்று. பெரிய டிஸ்க்கில் இது மணிக்கணக்கில் ஓடும். ரத்துசெய் பொத்தானை அழுத்தினால் இந்த வேலையை மட்டும் விட்டுவிட்டு நிறுவி மேலே போகும். புது டிஸ்க்கில் தாராளமாக விடலாம். பழைய ஹார்டு டிஸ்க் என்றால் இரவு முழுக்க ஓடட்டும் என்று விட்டுவிட்டுப் படுக்கப் போவது உத்தமம்.

பிறகு கடவுத்தொடரை, அதாவது டிஸ்க்கைத் திறக்கும் நீளமான பாஸ்வேர்டை, இருமுறை கேட்கும். அது முடிந்ததும் டிஸ்க் மூன்றாகப் பிரிந்து நிற்கும். முதலாவது, கணினியின் ஃபர்ம்வேர் படிக்கும் ஈஎஃப்ஐ பகுதி. இரண்டாவது, கெர்னல் இருக்கும் பூட் பகுதி. மீதி முழுவதும் மூன்றாவது. இயங்குதளமும் உங்கள் கோப்புகளும் ஸ்வாப்பும் அதற்குள். மறையாக்கம் செய்யப்பட்டிருப்பது அந்த மூன்றாவது மட்டும்தான்.

முழு டிஸ்க் என்று சொல்லிவிட்டு முதல் இரண்டையும் ஏன் விட்டார்கள்? கடவுத்தொடரைக் கேட்டு வாங்க ஒரு நிரல் ஓடியாக வேண்டும். அந்த நிரலையே மறைத்துவைத்தால் கேட்பதற்கு ஆள் இல்லை. ஆகவே அந்தச் சின்ன ஆரம்பம் வெளிப்படையாக இருக்கிறது. அதில் உங்கள் ரகசியம் எதுவும் இல்லை.

சாவிக்கு ஒரு சாவி

நீங்கள் தட்டிய கடவுத்தொடர்தான் டிஸ்க்கை மறைக்கும் சாவி என்று நினைத்தால் அது சரியல்ல. அந்த 64 பைட் சாவியை நிறுவியே தாறுமாறாக உருவாக்குகிறது. நீங்கள் அதை ஒருபோதும் பார்ப்பதில்லை. பீரோ சாவியை ஒரு சின்னப் பெட்டிக்குள் போட்டு, பெட்டிக்கு வேறு பூட்டு போட்டதுபோல, உங்கள் கடவுத்தொடர் அந்தச் சாவியை மட்டுமே மூடுகிறது. ஆஸ்திரியாவின் கிளெமென்ஸ் ஃப்ரூவிர்த் வடிவமைத்த லக்ஸ் என்ற அமைப்பு இதற்காக டிஸ்க்கின் முகப்பில் ஒரு தலைப்பகுதியை வைத்துக்கொள்கிறது. லக்ஸின் இரண்டாம் பதிப்பில் அதன் வழக்கமான அளவு 16 மெபிபைட். அதற்குள் 32 வரை சாவி இடங்கள் இருக்கலாம். ஒவ்வொன்றிலும் அதே சாவியின் ஒரு பிரதி, வேறு வேறு கடவுத்தொடரால் மூடப்பட்டு இருக்கும்.

இதனால் கிடைக்கும் வசதிகள் பல. கடவுத்தொடரை மாற்றச் சில நொடி போதும். டிஸ்க்கை மறுபடி எழுத வேண்டியதில்லை, ஓர் இடத்தை மாற்றினால் சரி. ஒரு கணினிக்கு இரண்டு பேர் தனித்தனிக் கடவுத்தொடர் வைத்துக்கொள்ளலாம். ஒருவர் விலகினால் அவருடைய இடத்தை மட்டும் அழிக்கலாம்.

ஃப்ரூவிர்த் இன்னொரு நுணுக்கத்தையும் சேர்த்தார். சாவி இடம் மிகச் சின்னதாக இருந்தால், அழித்த பிறகும் டிஸ்க்கின் பழுதான செக்டர் ஒன்றில் அதன் பழைய பிரதி தங்கிவிடலாம். எனவே லக்ஸ் சாவியை 4,000 மடங்கு ஊதிப் பெரிதாக்கி எழுதுகிறது: 64 பைட் 2,56,000 பைட் ஆகும். அதில் ஒரு சிறு பகுதி அழிந்தாலும் சாவியைத் திரும்பக் கட்ட முடியாது. காப்பாற்றும்போது சுருக்கிய ரகசியத்தை, அழிப்பதற்கு வசதியாக வேண்டுமென்றே பெரிதாக்குகிறார்கள்.

கடவுத்தொடருக்கும் சாவி இடத்துக்கும் நடுவில் ஆர்கான்2 என்ற வேண்டுமென்றே மெதுவாக ஓடும் கணக்கு இருக்கிறது. லக்சம்பர்க் பல்கலைக்கழகத்தில் உருவாகி, 2015-இல் பாஸ்வேர்டு ஹாஷிங் போட்டியில் வென்றது அது. நிறுவும்போது உங்கள் கணினியின் வேகத்தை அளந்து, ஒரு முயற்சிக்கு ஏறத்தாழ இரண்டு நொடியும் ஒரு கிபிபைட் வரை ரேமும் தின்னுமாறு அமைத்துக்கொள்ளும். காலையில் ஒருமுறை திறக்கும் உங்களுக்கு இரண்டு நொடி பொருட்டல்ல. கோடிக்கணக்கில் ஊகித்துப் பார்க்க வேண்டிய திருடனுக்கு அது மலை. ரேம் தின்பது அதைவிட முக்கியம். கிராஃபிக்ஸ் கார்டில் ஆயிரக்கணக்கான கணிப்பான்கள் இருந்தாலும், ஒவ்வோர் ஊகத்துக்கும் ஒரு கிபிபைட் வேண்டுமென்றால், 24 கிபிபைட் கார்டில் ஒரே நேரத்தில் சுமார் 24 ஊகங்களுக்குத்தான் இடம்.

சாவியையும் கடவுத்தொடரையும் இப்படிப் பிணைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-இல் காட்டினார்கள். தாங்களே மறையாக்கம் செய்துகொள்வதாகச் சொல்லி விற்கப்பட்ட சில எஸ்எஸ்டிகளில், பாஸ்வேர்டு சரியா என்று சில்லு வெறுமனே ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுத்துக்கொண்டிருந்தது. சில்லின் நிரலைத் திருத்தினால் எந்தப் பாஸ்வேர்டையும் அது ஏற்றுக்கொண்டது. அதுவரை அத்தகைய டிஸ்க்குகளை நம்பி வேலையை அவற்றிடமே விட்டுவந்த பிட்லாக்கர், அடுத்த ஆண்டிலிருந்து மென்பொருள் வழியாகத் தானே மறைப்பதை வழக்கமாக்கியது.

ஆறு சொல்

எதிராளியிடம் 10 லட்சம் கணினிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் நொடிக்கு ஓர் ஊகம் செய்கிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். பெயரும் பிறந்த ஆண்டும் சேர்ந்த பாஸ்வேர்டு: பத்தாயிரம் பெயர்கள், நூறு ஆண்டுகள், மொத்தம் 10 லட்சம் சேர்க்கைகள். ஒரே நொடியில் முடிந்தது. தாறுமாறான எட்டு ஆங்கிலச் சிற்றெழுத்துகள்: சுமார் 20,900 கோடி சேர்க்கைகள். இரண்டரை நாளுக்குள் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம்.

1995-இல் ஆர்னால்டு ரைன்ஹோல்டு டைஸ்வேர் என்றொரு முறையைச் சொன்னார். 7,776 எளிய சொற்களுக்கு எண் போட்ட ஒரு பட்டியல். பகடையை ஐந்து முறை உருட்டினால் ஐந்து இலக்க எண் கிடைக்கும். அந்த எண்ணுக்கு நேரே உள்ளது முதல் சொல். இப்படி ஆறு சொற்கள். சேர்க்கைகளின் எண்ணிக்கை 24 இலக்க எண். மேலே சொன்ன 10 லட்சம் கணினிகளும் இவற்றை முடிக்க 700 கோடி ஆண்டுகள் ஆகும். பாதி வழியிலேயே அகப்பட்டுவிட்டாலும் 350 கோடி ஆண்டுகள். இத்தனைக்கும் பட்டியலும் முறையும் எதிராளிக்குத் தெரியும் என்று வைத்துத்தான் இந்தக் கணக்கு. ஒரே ஒரு நிபந்தனை: சொல்லைப் பகடைதான் தேர்ந்தெடுக்க வேண்டும். பிடித்த பாட்டின் முதல் வரி நீளமாக இருக்கலாம். ஆனால் அது ஏற்கெனவே யாரோ எழுதிய வரி, ஊகிப்பவரின் பட்டியலில் முன்கூட்டியே இருக்கும்.

தமிழ்ச் சொற்களையும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் கணினி எழும்பும்போது வரும் கடவுத்தொடர்த் திரையில் தமிழ் விசைப்பலகையை நம்பி இருக்கக் கூடாது. ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டியிருக்கும். அங்கே எழுத்துக்கூட்டல் காலை வாரும். 'வாழை'யின் நெடிலுக்கு ஒரு 'ஏ' போட்டோமா இரண்டு போட்டோமா, 'ழ'வுக்கு 'இசட்-ஹெச்' போட்டோமா 'எல்' போட்டோமா என்று ஆறு மாதம் கழித்து யோசித்துக்கொண்டு உட்கார நேரும். நெடிலும் ழகர ளகரமும் இல்லாத சொற்களை மட்டும் பட்டியலில் வைத்து, அதிலிருந்து பகடையால் எடுத்துக்கொண்டால் பிழைத்தோம். நிறுவும்போது என்ன விசைப்பலகை தேர்ந்தெடுத்தோம் என்பதும் முக்கியம். ஒரு அமைப்பில் தட்டிய சிறப்புக் குறி இன்னொன்றில் வேறு பொத்தானில் இருக்கும். சிற்றெழுத்தும் இடைவெளியும் மட்டும் கொண்ட ஆறு சொற்களுக்கு இந்தத் தொல்லை குறைவு.

ஓடிக்கொண்டிருக்கும் கணினி

2013 அக்டோபர் 1. சான் ஃபிரான்சிஸ்கோவின் க்ளென் பார்க் நூலகத்தில் ராஸ் உல்பிரிக்ட் என்ற இளைஞர் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தார். சில்க் ரோடு என்ற இணையக் கறுப்புச் சந்தையை நடத்தியவர் அவர் என்று எஃப்பிஐ சந்தேகப்பட்டது. அவருடைய டிஸ்க் மறையாக்கம் செய்யப்பட்டிருந்தது. மூடியை ஒருமுறை சாத்திவிட்டால் உள்ளே இருப்பது கிடைக்காமல் போய்விடலாம் என்ற பயம் அதிகாரிகளுக்கு. திடீரென்று அவருக்குப் பின்னால் ஓர் ஆணும் பெண்ணும் சண்டை போடத் தொடங்கினார்கள். அவர் திரும்பிப் பார்த்த கணத்தில் லேப்டாப் கைமாறியது. சண்டை போட்டவர்களும் அதிகாரிகள்தான். திறந்த நிலையில் கிடைத்த அந்த லேப்டாப் வழக்கின் முக்கியச் சாட்சியம் ஆனது.

ஏஇஎஸ்ஸை யாரும் உடைக்கவில்லை. உடைக்கத் தேவையும் இருக்கவில்லை. கணினி ஓடும்வரை சாவி ரேமில் இருந்தாக வேண்டும். அப்போது டிஸ்க் எல்லாருக்கும் திறந்ததுதான். மூடியைச் சாத்தி ஸ்லீப்பில் வைத்தாலும் பெரும்பாலான கணினிகளில் சாவி ரேமிலேயே இருக்கும். மின்சாரம் போனதும் ரேம் மறந்துவிடும் என்பதும் முழு உண்மையில்லை. 2008-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகக் குழு, தூசி ஊதும் காற்றுக் குப்பியைத் தலைகீழாகப் பிடித்து ரேம் சில்லை மைனஸ் 50 டிகிரி செல்சியஸ் வரை குளிர்வித்தது. அந்தக் குளிரில் சில்லைக் கழற்றி வெளியே வைத்து, பத்து நிமிடம் கழித்துப் பார்த்தபோதும் 99 சதவீதத்துக்கு மேல் பிட்டுகள் அப்படியே இருந்தன. அவற்றிலிருந்து மறையாக்கச் சாவிகளை மீட்டுக் காட்டினார்கள்.

நமக்கு இதில் உள்ள பாடம் எளிது. பயணத்தில், விமான நிலையத்தில், சர்வீஸுக்குக் கொடுக்கும்போது, ஸ்லீப் போதாது. ஷட் டவுன் செய்ய வேண்டும். ஹைபர்னேட்டும் சரிதான், ரேமில் இருப்பது மறையாக்கப்பட்ட ஸ்வாப்புக்குள் போய்விடுவதால். கூடவே இன்னொன்று: வெளிப்படையாகக் கிடக்கும் பூட் பகுதியில் ஒருவர் உங்களுக்குத் தெரியாமல் கைவைத்து, கடவுத்தொடரைத் திருடும் நிரலைச் செருக முடியும். ஹோட்டல் அறையில் லேப்டாப்பைத் தனியே விட்டுப் போகிறவர்களுக்கான எச்சரிக்கை இது. கணினி எழும்பும்போது நிரல்களின் கையொப்பத்தைச் சரிபார்க்கும் செக்யூர் பூட் இதைக் கடினமாக்குகிறதே தவிர முற்றாகத் தடுத்துவிடாது.

விண்டோஸ் உலகில் வேறு ஏற்பாடு. 2024-இல் வந்த விண்டோஸ் 11-இன் 24ஹெச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி, மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், பெரும்பாலான கணினிகளில் மறையாக்கம் கேட்காமலேயே தொடங்கிவிடும். கடவுத்தொடர் இல்லை; கணினியில் உள்ள டிபிஎம் என்ற பாதுகாப்புச் சில்லு, எழும்பும் நிரல்கள் மாறவில்லை என்று கண்டால் சாவியைத் தானே கொடுத்துவிடும். வசதிதான். ஆனால் சில பழைய லேப்டாப்புகளில் டிபிஎம் தனிச் சில்லாக இருப்பதால், அதிலிருந்து சாவி கம்பி வழியே போகும்போது மலிவான ஒரு ராஸ்பெர்ரி பை பிகோ பலகையால் ஒட்டுக்கேட்டு, 43 நொடியில் எடுக்க முடிந்ததை 2024-இல் ஒருவர் செய்து காட்டினார். தொடக்கத்தில் ஒரு பின் எண்ணும் கேட்குமாறு அமைத்தால் இந்த வழி அடைபடும்.

சின்னது தொலைவது சுலபம்

ரகசியத்தைச் சுருக்கினோம். சுருக்கிய ரகசியம் காக்கச் சுலபம். தொலைக்கவும் அதே அளவு சுலபம். டிஸ்க்கில் ஒரு மூலை பழுதானால் முன்பு ஒரு கோப்பு போயிருக்கும். இப்போது அந்த மூலை தலைப்பகுதியாக இருந்தால் எல்லாமே போகும். வேறொரு இயங்குதளத்தை நிறுவும்போது தவறான பார்ட்டிஷனைத் தேர்ந்தெடுத்து, தலைப்பகுதியின் மேல் சில மெகாபைட் எழுதினாலும் கதி அதுதான். மீதி டெராபைட் முழுவதும் நலமாக இருக்கும், ஆனால் யாராலும் படிக்க முடியாது. கடவுத்தொடரை மறந்தால் டெபியன் திட்டத்திடமோ வேறு யாரிடமோ கேட்டுப் பயனில்லை. திறக்கும் மாற்றுச் சாவி யாரிடமும் இல்லை என்பதுதானே ஏற்பாடே.

ஆகவே நிறுவி முடித்ததும், கோப்புகளை உள்ளே கொண்டுவருவதற்கு முன் செய்ய வேண்டியவை சில உண்டு. கணினியை ஒருமுறை முழுதாக அணைத்து எழுப்பி, கடவுத்தொடரைத் தட்டித் திறந்து பாருங்கள். தவறாகத் தட்டியிருந்தால் இப்போது நஷ்டம் அரை மணி நேரம்தான். பிறகு கிரிப்ட்செட்டப் என்ற கட்டளையால் தலைப்பகுதியைப் பிரதி எடுத்து வேறொரு யுஎஸ்பியில் வையுங்கள். அந்தப் பிரதியைப் பற்றி ஒரு எச்சரிக்கை: பின்னால் கடவுத்தொடர் கசிந்துவிட்டது என்று நீங்கள் அதை மாற்றினாலும், பழைய பிரதிக்குள் பழைய கடவுத்தொடர் உயிரோடு இருக்கும். கடவுத்தொடரை மாற்றும் நாளில் பழைய பிரதியை அழித்துவிட்டுப் புதிது எடுக்க வேண்டும்.

இரண்டாவது சாவி இடத்தில் வேறு ஆறு சொற்களைப் போட்டு, அதைத் தாளில் எழுதி, வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள். கணினித் திருடன் பத்திரங்களைத் தேடி வருவதில்லை. நீங்கள் மருத்துவமனையில் இருக்கும்போது காப்பீட்டு எண்ணையோ, நீங்கள் இல்லாத காலத்தில் குடும்பப் படங்களையோ வீட்டில் இருப்பவர்கள் எடுக்க வேண்டி வந்தால், அந்தத் தாளை விட்டால் வேறு வழி இருக்காது. விண்டோஸில் இந்தத் தாளின் இடத்தில் 48 இலக்க மீட்பு எண் இருக்கிறது; வழக்கமாக மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். மதர்போர்டு மாற்றிய மறுநாள் நீலத்திரை அந்த எண்ணைக் கேட்கும்போதுதான் தங்கள் டிஸ்க் மறையாக்கப்பட்டிருப்பதே பலருக்குத் தெரியவருகிறது. இன்றே கணக்கில் நுழைந்து எண் இருக்கிறதா என்று பார்த்து, அதையும் எழுதி வையுங்கள்.

கணினியை விற்கும் நாள் வரும்போது சுருக்கியதன் முழுப் பலனும் தெரியும். டெராபைட்டைத் தேய்த்துக் கழுவ வேண்டியதில்லை. எல்லாச் சாவி இடங்களையும் ஒரே கட்டளையில் அழித்து, தலைப்பகுதியின் பிரதிகளையும் அழித்துவிட்டால், அந்த டிஸ்க்கை ஏலத்தில் வாங்கும் எந்த ஆராய்ச்சி மாணவருக்கும் அதில் படிக்க ஒன்றும் கிடைக்காது. உங்களுக்கும் கிடைக்காது, எனவே கட்டளையைத் தட்டும் முன் வேண்டியதைப் பிரதி எடுத்தாயிற்றா என்று இன்னொரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.